வான்கோழி வேட்டையில் பொம்மை: இந்த சீசனில் செய்து பார்த்தது

போன வருஷம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலக் காட்டில் பாக்ஸ் கால் (உரசினால் வான்கோழிக் குரல் எழுப்பும் மரப்பெட்டி) மட்டும் வைத்துப் பெட்டைக் குரல் கொடுத்தேன். சேவல்கள் பதிலுக்குக் கூவிக்கொண்டே வந்து, துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் நின்றுவிட்டன. அவற்றின் வழக்கப்படி பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். குரல் கேட்கிறது, ஆளைக் காணோம் என்றால் அதற்கு மேல் வராது.

அதனால் இந்த ஏப்ரலில் வயலோரத்தில் சேவலை ஈர்க்க இரண்டு வான்கோழிப் பொம்மைகள் வைத்தேன்: ஒரு பெட்டை, ஒரு ஜேக். ஜேக் என்பது ஒரு வயது இளஞ்சேவல். இரண்டும் என்னிடமிருந்து 20 கஜத்தில். சேவல் 15 கஜம் தள்ளி நின்றாலும் 40-க்குள் அடங்கும். அதைத் தாண்டிச் சுட எனக்கு மனம் வராது. காயத்தோடு ஓடிப்போய் எங்கோ சாகும்.

முக்கியமான விஷயம் ஜேக் பார்க்கும் திசை. அதன் முகம் நம் பக்கம் இருக்க வேண்டும். பெரிய சேவல் போட்டிக்காரனிடம் நேருக்கு நேர் போகும். ஒரு நாள் வந்த சேவலும் அப்படித்தான். பெட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றி வந்து ஜேக்கின் முன்னால் நின்றது. தலையில் சிவப்பும் வெள்ளையும் நீலமும் மாறி மாறி ஏறின, இறக்கை நுனிகள் சருகை உரசின. என் பக்கம் முதுகு, விரித்த தோகை அதன் கண்ணை மறைத்திருந்தது. துப்பாக்கியைத் தூக்க அந்த இரண்டு மூன்று நொடிதான் கிடைக்கும். தோகை சுருங்கித் தலை நிமிர்ந்ததும் சுட்டேன்.

எல்லாச் சேவலும் இப்படி வராது. மற்ற சேவல்களிடம் அடி வாங்கிப் பழகிய இரண்டு வயதுச் சேவல்கள் ஜேக்கைக் கண்டாலே ஒதுங்கிப் போகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் பெட்டை மட்டும் போதும். காற்றடித்தால் பொம்மை பம்பரமாகச் சுற்றும். வாலின் இருபுறமும் குச்சி நட்டேன், லேசாக ஆடுவதோடு சரி.

அலபாமா மாநிலத்தில் சீசனின் முதல் 10 நாள் பொம்மைக்குத் தடை. நல்ல விதி என்றே நினைக்கிறேன். பெரிய சேவல்கள் இணை சேர அவகாசம் கிடைக்கும்.

அப்புறம், பாதுகாப்பு. பொம்மையை நிஜப் பறவை என்று நினைத்து வேறு வேட்டைக்காரர் சுட்டுவிடலாம். பொம்மையை வெளியே தெரியும்படி தூக்கிக்கொண்டு நடக்கவே கூடாது, ஆரஞ்சுப் பையில்தான் எடுத்துப் போக வேண்டும். தோள்களை விட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். வேறு வேட்டைக்காரர் வந்தால் கையை அசைக்காமல் சத்தமாகக் குரல் கொடுங்கள். தோகை விரித்த சேவல் பொம்மையைப் பொதுக் காட்டில் நான் வைக்கவே மாட்டேன்.

அடுத்து, படுத்திருக்கும் பெட்டைப் பொம்மையை ஜேக்கின் முன்னால் வைத்துப் பார்க்கப் போகிறேன்.