ஒரு மணி நேரத் தவறு: ஏஐ ஏஜென்ட்டுக்கான தேதி-நேர டூலுக்கு விளக்கம் எழுதிய அனுபவம்

2025 பிப்ரவரி 10. மறுநாள் தைப்பூசக் காவடி, மொரீஷியஸ் முழுக்க விடுமுறை. எபேன் ஆபீசில் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். புக்கிங் பார்க்கும் மதுரைக்கார அக்கா நேராக என் மேசைக்கு வந்தார். "தம்பி, உங்க ஏஜென்ட் பன்னிரண்டு மணின்னு சொல்லுச்சு, கூப்பிட்டேன். பாரிஸ்ல அப்போ ஒன்பதுதானாம். அந்தம்மா திட்டிட்டு வெச்சுட்டாங்க."

கேள்வியைப் படித்து, தேவைப்படும்போது டூல் எனும் சிறு நிரல்களைக் கூப்பிட்டுப் பதில் சொல்லும் ஏஐதான் இந்த ஏஜென்ட். வாடிக்கையாளர் தன்னைக் கூப்பிடச் சொன்னது பாரிஸ் நேரம் காலை பத்துக்கு. பிப்ரவரியில் இங்கே அது மதியம் ஒன்று.

ஏஜென்ட் செய்ததெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்தேன். கோடில் ஒரு பிழையும் இல்லை. ஏஜென்ட் டூலுக்கு முதலில் கொடுத்த நேர மண்டலப் பெயர் "ஆப்பிரிக்கா/போர்ட்_லூயிஸ்". கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலப் பெயர்களின் பட்டியலான ஐயானா பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது. நம் தீவு அதில் "இந்தியன்/மொரீஷியஸ்". டூல் "தவறான உள்ளீடு" என்று மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஏஜென்ட் யாரையும் கேட்கவில்லை. தானாகவே "ஆப்பிரிக்கா/நைரோபி" என்று போட்டுப் பார்த்திருக்கிறது. அது சரியான பெயர்தான், எரர் வரவில்லை. ஆனால் யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு நைரோபி மூன்று மணி நேரம் முன்னே (+3), நாம் நான்கு (+4).

நான் எழுதியிருந்த டிஸ்கிரிப்ஷன் ஒரே வரி: "ஒரு நேரத்தை வேறு நேர மண்டலத்துக்கு மாற்றும்." டெவலப்பருக்கு இது போதும், சந்தேகம் வந்தால் கோடைத் திறந்து பார்த்துக்கொள்வார். ஏஜென்ட்டுக்குத் தெரிவது டூலின் பெயர், இந்த விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல், அவ்வளவுதான். அதில் இல்லாததை அது ஊகித்துக்கொள்ளும்.

காவடி பார்க்கப் போகாமல் விடுமுறை முழுக்க வீட்டில் உட்கார்ந்து திருத்தினேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. மண்டலத்துக்கு ஐயானா பெயர் மட்டுமே வேண்டும், சுருக்கப் பெயர் கூடாது என்று எழுதினேன். ஐஎஸ்டி என்றால் இந்தியாவும் உண்டு, அயர்லாந்தும் உண்டு, இஸ்ரேலும் உண்டு. தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவத்தில்தான் வர வேண்டும். 03/04 என்று வந்தால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. "நாளைக்கு" என்று பயனர் சொன்னால் முதலில் இன்றைய தேதியைத் தரும் டூலைக் கூப்பிடச் சொன்னேன், அதுவும் அந்தப் பயனர் இருக்கும் ஊரின் தேதியை.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது எரர் செய்தியை மாற்றியதுதான். "இந்தப் பெயர் பட்டியலில் இல்லை. மொரீஷியஸ் என்றால் இந்தியன்/மொரீஷியஸ். பக்கத்து மண்டலத்தைப் போடாதே. தெரியாவிட்டால் பயனரைக் கேள்." அதே கோரிக்கையை மறுபடி ஓட்டினேன். முதல் முறை தவறியது, இரண்டாவது அழைப்பிலேயே சரியான பெயரைக் கொடுத்தது. டூல் செய்பவர்கள் தயவுசெய்து எரர் செய்தியையும் விளக்கத்தின் பகுதியாக நினைத்து எழுதுங்கள்.

அப்புறம் நானே இன்னொரு தப்பு செய்தேன். உதாரணமாக "பாரிஸில் 10:00 என்றால் மொரீஷியஸில் 13:00" என்று சேர்த்திருந்தேன். மார்ச் 30 அன்று கோடை நேரத்துக்காக பிரான்சில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது. வித்தியாசம் இரண்டு மணி நேரமானது. ஏஜென்ட்டோ பாரிஸ் என்றாலே டூலைக் கூப்பிடாமல் மூன்றைக் கூட்டிப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தது! விடையை நான்தான் கையில் கொடுத்திருக்கிறேன். உதாரணத்தில் உள்ளீட்டை மட்டும் காட்டுங்கள், விடையைக் காட்டாதீர்கள். "வித்தியாசத்தை நினைவிலிருந்து கூட்டாதே" என்ற வரியையும் சேர்த்தேன்.

ரிவ்யூ செய்த மேனேஜர் இந்தத் தீவிலேயே பிறந்தவர். 2008 டிசம்பரில் ஒரு தேதியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை இங்கே கோடை நேரம் வைத்துப் பார்த்து, பிறகு கைவிட்டார்கள். அவருக்கு அது நன்றாக நினைவிருந்தது. டூல் சரியாக +5 என்றது. ஏஜென்ட் அதை நம்பாமல், மொரீஷியஸ் எப்போதும் +4 என்று தானே திருத்திப் பதில் தந்தது. "பழைய தேதிகளுக்கும் டூல் தரும் விடையே இறுதி, மாற்றாதே" என்று சேர்த்த பிறகுதான் ஒப்புதல் கிடைத்தது.

கடிகாரம் பின்னே போகும் இரவில் பாரிஸில் 02:30 இரண்டு முறை வரும். முன்னே போகும் இரவில் வரவே வராது. முதலாவதற்கு இரண்டு விடைகளும், இரண்டாவதற்கு எரரும் வரும் என்று எழுதி வைத்தேன். இதை எழுதாமல் விடாதீர்கள்.

அக்டோபர் 26 அன்று பிரான்ஸ் கடிகாரத்தைப் பின்னே வைத்தது. மறுநாள் காலை அக்கா மறுபடி வந்து நின்றார். "பாரிஸ் பத்துன்னா இங்கே ஒண்ணுன்னு வந்திருக்கு. போன வாரம் பன்னிரண்டுன்னுச்சே, கூப்பிடலாமா?"

லாகைப் பார்த்தேன். டூலைக் கூப்பிட்டுத்தான் சொல்லியிருந்தது.

"கூப்பிடுங்கக்கா" என்றேன்.