எலெக்ட்ரிக் பைக், 11 மாதம், 9,400 கி.மீ.: காதால் கண்டுபிடித்த மூன்று கோளாறுகள்

வண்டி வாங்கும்போது கடைக்காரர் சொன்னது, "சார்ஜ் போடுங்க, ஓட்டுங்க, வேற வேலையே இல்ல." பாதி உண்மைதான். இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள் எதுவும் கிடையாது. கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்குத் தினமும் போய்வர ஏறத்தாழ 30 கி.மீ. ஓட்டுகிறேன், இதுவரை ஒரு சொட்டு ஆயில் மாற்றியதில்லை.

ஆனால் பழைய பெட்ரோல் வண்டியில் இன்ஜின் சத்தம் எல்லாவற்றையும் மூடி மறைத்துக்கொண்டிருந்தது என்பது இதை ஓட்டிய பிறகுதான் புரிந்தது. இதில் ஒவ்வொரு முனகலும் காதில் விழுகிறது.

முதலில் முனகியது செயின். 1,800 கி.மீ. இருக்கும், ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் பின்னாலிருந்து கறகறவென்று ஒரு சத்தம், விட்டால் டக்கென்று ஒரு அடி. ஸ்கேலை வைத்து அளந்தால் செயின் 48 மி.மீ. ஆடுகிறது, என் வண்டி மேனுவலில் 25 முதல் 35 வரைதான். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் கொடுப்பதால் தொய்ந்த செயினுக்கு அடி பலமாக விழுகிறது, அதோடு எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி வேறு ஆயிலோடு சேர்ந்து அரைத்த மசாலா மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மண்ணெண்ணெயில் மெல்லிய பிரஷால் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயில் விட்டேன். இப்போது 500 கி.மீ.க்கு ஒருமுறை இதே வேலை. ஒரு எச்சரிக்கை: சாவியை எடுத்து பாக்கெட்டில் போட்டுவிட்டுத்தான் செயினில் கை வையுங்கள். வண்டி ஆனில் இருப்பது சத்தத்தில் தெரியாது, விரல் போனபிறகுதான் தெரியும். இறுக்கம் அதிகமானாலும் ஆபத்து, மோட்டார் பக்கத்து பேரிங் தேய்ந்துவிடும்.

இரண்டாவது பிரேக். இதைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. ஐப்பசி மழை முடிந்த பிறகு, ஒரு முழு சார்ஜுக்கு 92 கி.மீ. ஓடிக்கொண்டிருந்த வண்டி 81-க்கு இறங்கியது. பேட்டரி போச்சு என்று பயந்துபோய் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) வாசல் வழியாகத் தினமும் போகிறேன். 1953-இல் திறந்த ஆய்வகம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து ஊருக்கு வந்தது, பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். உள்ளே போய் யாரையாவது கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கடைசியில் பார்த்தால் பின்சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஸ்ஸ்ஸ் என்று ஒரு உரசல். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்றது. ரீஜென் (ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றுவது) இருப்பதால் நான் பின் பிரேக்கை மிதிப்பதே இல்லை. மிதிக்காமல் விட்டதால் மழைத்தண்ணீரும் மண்ணும் போய், காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடி) நகர்கிற கம்பி, அதாவது பின், இறுகி, பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

மெக்கானிக் தம்பி வண்டியைச் சுற்றி வந்து, "அண்ணே, இதுல எனக்கு என்ன வேலை இருக்கு?" என்று சிரித்தார். பிறகு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, சிலிக்கோன் கிரீஸ் தடவிக் கொடுத்தார். மறுவாரமே 90-ஐத் தொட்டது. இப்போது வாரம் ஒருமுறை ஆளில்லாத ரோட்டில் நாலு தடவை நன்றாக மிதித்துவிடுகிறேன். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்தில் மாற்றியாக வேண்டும்.

மூன்றாவது வண்டியில் இல்லை, வீட்டில். தாத்தா காலத்து வயரிங். சார்ஜர் போட்டால் சுவரிலிருந்து ங்ங்ங் என்று ஒரு சன்னமான சத்தம், பிளக்கைப் பிடுங்கினால் பின் ஒன்று பழுப்பேறி, தொட்டால் சுடுகிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 2.5 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர் சாக்கெட், எம்சிபி (லோடு அதிகமானால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்), எர்த் எல்லாம் போட்டாயிற்று. கோடையில் எங்கள் மண் காய்ந்து கல்லாகிவிடும், அதனால் எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றுகிறேன்.

பேட்டரிக்கு நான் செய்வது ரொம்பக் கொஞ்சம். வெயிலில் வந்தவுடன் சார்ஜ் போடுவதில்லை, ஒரு மணி நேரம் ஆறவிடுவேன். ஒரு வாரம் வெளியூர் என்றால் பாதி சார்ஜில் விட்டுப் போவேன். பிரஷர் வாஷ் பக்கமே போவதில்லை, ஈரத்துணிதான்.

வண்டியை ஆறவைக்க வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நிறுத்தியதில்தான் புது வம்பு. ஆத்தங்குடிக் கல் தரையில் செயின் ஆயில் நாலு சொட்டு விழுந்து ஊறிவிட்டது. "இதுவும் எண்ணெய் போட்டுத் துடைக்கிற தரைதானே அப்பத்தா" என்று சமாளித்துப் பார்த்தேன். "தேங்காய் எண்ணெய்க்கும் உன் கருமத்துக்கும் வித்தியாசம் தெரியாதாடா?" என்றார். சுண்ணாம்புத்தூள் போட்டு இரண்டு நாள் வைத்ததில் கறை வெளிறியிருக்கிறது, போகவில்லை. இப்போது செயினுக்குக் கீழே அட்டை விரித்தால்தான் வண்டிக்கு உள்ளே இடம்.