நெடுந்தூரம் கேட்கும் டீசல் வண்டி

ஜெர்மனியில் கார் வாங்குவது சுலபம். அதை ஓட்டும் தகுதி வாங்குவதுதான் பெரும்பாடு. இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டிலும் தேறியாக வேண்டும். கத்திப்பாராவில் வருஷக்கணக்கில் ஓட்டிய கதையெல்லாம் தேர்வாளரிடம் எடுபடாது. வலப்பக்கத் தெருவிலிருந்து வருகிறவருக்கு வழி விட்டோமா, திரும்பும் முன் சைக்கிள் வருகிறதா என்று தோளுக்குப் பின்னால் பார்த்தோமா, அவருக்கு அதுதான் கணக்கு.

நாங்கள் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம், போப்லிங்கனில். ஊருக்குத் திரும்பிய சக ஊழியர் ஒருவரிடமிருந்து ஒரு டீசல் வண்டி கைமாறியது. ஐரோப்பாவில் வண்டிப் புகைக்கு யூரோ என்று தர வரிசை உண்டு, எண் கூடக் கூடக் கட்டுப்பாடு கடுமை. 2019 தொடக்கத்தில் யூரோ 4 வரையிலான பழைய டீசல் வண்டிகளுக்கு ஸ்டுட்கார்ட் நகருக்குள் தடை வந்தது. இது யூரோ 6, தடைக்குள் வராது. ஆனாலும் டீசல் என்றாலே இங்கே பலர் யோசிக்கிறார்கள், அதனால் விலை படிந்தது.

அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை பனிக்கால டயர் போடுவது இங்கத்திய வழக்கம். சட்டம் தேதி எதுவும் குறிப்பதில்லை. சாலையில் பனியோ உறைந்த ஈரமோ இருக்கும்போது அந்த டயர் இல்லாமல் ஓட்டினால் 60 யூரோ அபராதம், லைசென்ஸ் கணக்கில் ஒரு தண்டப் புள்ளி. ஞாயிற்றுக்கிழமை வாசலில் பக்கெட்டை வைத்துக் காரைக் கழுவும் சுகமும் போச்சு. எண்ணெய் கலந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கக் கூடாது என்று பெரும்பாலான ஊர்களில் தடை.

வேலைக்கு ரயிலில் போவதால், கார் மழலையர் பள்ளிக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும்தான் ஓடியது. எஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். குளிர்காலத்தில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது: புகைபோக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர் துருக்கியிலிருந்து வந்த பெரியவர். கம்ப்யூட்டரைச் செருகுவதற்கு முன்னால் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. நம் ஊரில் ஆயில் குறைந்தால்தான் கவலை; கூடியதைப் பார்த்துக் கவலைப்படுவது எனக்குப் புதிது. மோந்து பார்க்கச் சொன்னார். டீசல் வாடை.

அவர் விளக்கியது இது. வடிகட்டியில் சேரும் கரியை வண்டி அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும் என்பதால் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். பாதியில் சாவியைத் திருப்பி நிறுத்தினால் கரி அப்படியே நிற்கும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேயும். ஆயிலை மாற்றிவிட்டு, "நீங்கள் இதைக் கடைக்குக் கூட்டிப்போகாதீர்கள், எங்காவது தூரமாகக் கூட்டிப்போங்கள்" என்றார். எனக்கு இது தலைகீழாகப் பட்டது. கிலோமீட்டர் ஏறாமல் பொத்திப் பொத்தி வைப்பதுதான் வண்டியைக் காப்பது என்று வளர்ந்தவன் நான்.

அந்த ஈஸ்டர் விடுமுறைக்கு இத்தாலியின் கோமோ ஏரி என்று முடிவானது. பள்ளி நாளில் பிள்ளைக்கு லீவு போட்டுச் சுற்றுலா போனால் அபராதம் வரும் நாடு இது. அதனால் எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது. ஏ81 நெடுஞ்சாலையில் சிங்கன் வரை வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சுவிஸ் எல்லையில் 40 ஃப்ராங்குக்கு அந்த வருடத்துக்கான நெடுஞ்சாலை ஸ்டிக்கர். அப்புறம் கோட்ஹார்ட்.

கோட்ஹார்ட் சாலைச் சுரங்கம் 16.9 கிலோமீட்டர், 1980இல் திறந்தது. திசைக்கு ஒரே ஒரு தடம். உள்ளே கூட்டம் சேராமல் இருக்க, வடக்கு வாசல் இருக்கும் கோஷனனில் சிக்னல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வண்டிகளை விடுகிறார்கள். விடுமுறை நாளில் அதற்கு முன்னால் பல கிலோமீட்டருக்கு வரிசை நிற்கும். விவரமானவர்கள் கிழக்கே இருக்கும் சான் பெர்னார்டினோ என்ற மாற்று மலைப்பாதை வழியாகப் போய்விடுவார்கள். மற்றவர்கள் எங்களைப் போல எலுமிச்சை சாத டப்பாவைத் திறப்பார்கள். நெரிசலில் எனக்குப் பிடித்த ஒன்று, வண்டிகள் நின்றுபோவதற்கு முன்பே இடது தடத்தார் இடப்பக்கமாகவும் மற்றவர்கள் வலப்பக்கமாகவும் ஒதுங்கி நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது. யாரும் ஹாரன் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியில் அப்படி விடாதவருக்கு 200 யூரோ அபராதத்தோடு ஒரு மாதம் ஓட்டவும் தடை.

ஊர் திரும்பியபின் அந்த மஞ்சள் விளக்கு வரவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் தகுதிச் சோதனையில் நான் பயந்தது புகைக்குத்தான். 2023 ஜூலையிலிருந்து யூரோ 6 டீசல் வண்டிகளின் புகையில் துகள்களையே எண்ணுகிறார்கள். ஒரு கன சென்டிமீட்டரில் 2,50,000ஐத் தாண்டினால் தேறாது. தேறிவிட்டது. இப்போது வாரக் கடைசியில் சும்மாவாவது ஏ81இல் ஹோர்ப் வரை போய்வருகிறோம். அடுத்தது பெட்ரோல் வண்டிதான் என்று மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.