லே: பாதை மூடும் ஊரில் டவர் வேலை

மொபைல் டவருக்குப் பவர் கொடுக்கும் வேலையில் இருப்பவனிடம் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் மூன்று கேள்விதான் முதலில் வரும். கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கும்? டீசல் வண்டி போக ரோடு உண்டா? கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் என்ன ரீடிங் காட்டும்? லடாக்கின் லே நகருக்கு என்னை அனுப்பியபோது இந்த மூன்றுக்கும் எங்கள் கம்பெனியில் யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. "கஷ்டமான ஏரியாதான், அலவன்ஸ் சேர்த்துத் தருகிறோம்" என்றார்கள். அந்த அலவன்ஸ் கடைசிவரை வரவில்லை என்பது தனிக்கதை.

லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், சிந்து நதிப் பள்ளத்தாக்கின் வடக்குச் சரிவில் இருக்கிறது. மழை மேகத்தைத் தெற்கிலேயே இமயமலை மறித்துக்கொள்வதால் மழையும் பனியும் சேர்ந்தே வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவுதான். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் இவ்வளவு கொட்டியதைப் பார்த்திருக்கிறோம். அதனால் விமானத்திலிருந்து பார்த்தால் மொட்டை மலையும் சரளையும் மணலும்தான். நடுநடுவே திட்டுத் திட்டாகப் பச்சை தெரியும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வாற்கோதுமை வயல், அந்தப் பக்கம் புல்கூட முளைக்காத மணல். 2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை 30,000 சொச்சம். நம் கணக்குக்கு ஒரு சின்ன நகராட்சி. 2019 அக்டோபர் 31-லிருந்து லடாக் யூனியன் பிரதேசமாகி, இந்தச் சின்ன ஊருக்குள் பெரிய பெரிய ஆபீஸ்களெல்லாம் வந்துவிட்டன.

வந்து இறங்கியதும் முதலில் படுத்துக் கிடக்கச் சொல்வார்கள். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், தூக்கம் வராது. மனிதனுக்கு ரெஸ்ட் கொடுக்கலாம். ஜெனரேட்டருக்கு என்ன செய்வது? அதற்கும் அதே காற்றுதான். பிளேட்டில் எழுதியிருக்கும் கேவிஏ திறனை நம்பி லோடு ஏற்றினால் கரும்புகை கக்கும். காற்று மெலிந்தால் இன்சுலேஷனும் பலம் குறையும். பேனலில் கம்பிகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி விட வேண்டும். சமவெளிக்காகப் போட்ட டிராயிங்கை இங்கே அப்படியே கொண்டுவந்தால் ஒன்றும் உருப்படாது. தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பதை எங்கள் மெஸ்ஸில் சீக்கிரமே கண்டுகொண்டோம்.

எர்த்துக்கு வருகிறேன். லேயைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் குழிக்குள் கற்றதுதான்.

நம் ஊரில் எர்த் பிட் போடுவது பெரிய வித்தை இல்லை. குழி தோண்டி, ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் ரீடிங் ஐந்து ஓமுக்குக் கீழே வந்துவிடும்; எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பைப்பைவிட மண்ணின் ஈரம்தான் அதில் பாதி வேலையைப் பார்க்கிறது. லேயில் தோண்டத் தோண்ட மணலும் உருண்டைக் கல்லும்தான் வந்தன. எர்த் டெஸ்டரை மாட்டினால் ரீடிங் இறங்க மறுத்தது. ஒரு டேங்கர் தண்ணீரை வாங்கி ஊற்றினோம். மாலையில் நன்றாக இறங்கியது. ஓரிரு நாளில் மணல் அவ்வளவையும் கீழே வடித்துவிட்டுப் பழையபடி நின்றது. குடிக்கிற தண்ணீரைக் குழியில் ஊற்றுகிறார்களே என்று அக்கம்பக்கத்தில் பார்த்த பார்வையை நான் கவனிக்காமல் இல்லை.

எங்களுக்கு உள்ளூர் டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர் என்பதால் பையன்கள் எல்லோரும் அவரை ஆச்சோ என்பார்கள், அண்ணன் என்கிற மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் மட்டும் என்னை சார்ஜி என்பதை விடவே இல்லை. எல்லாப் பேச்சும் ஹிந்தியில்தான். அவருடையதும் என்னுடையதும் ஒரே லட்சணம். டேங்கர் போன பிறகு அவர் சரிவில் இறங்கிப் போய், வில்லோ மரங்கள் வரிசையாக நின்ற இடத்தில் காலால் மண்ணைக் கிளறிவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "சார்ஜி, எங்கே மரம் பிழைக்குதோ அங்கேதான் உங்க பைப்பும் பிழைக்கும்."

அதற்கப்புறம் வேலை எளிதாக முடிந்தது என்று சொல்ல முடியாது. டவரிலிருந்து அங்கே வரை காப்பர் ஸ்டிரிப் இழுக்க வேண்டும். பட்ஜெட்டில் அதற்கு இடம் இல்லை. குளிர்காலத்தில் மேல்மண் இடுப்பளவு ஆழத்துக்கும் மேல் உறைந்துபோகும் என்றார் ஆச்சோ. உறைந்த மண்ணில் கரண்ட் சரியாக இறங்காது. ஆகவே உறையும் ஆழத்தையும் தாண்டி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் சுற்றி, பைப்பை இறக்கினோம். ஆபீசில் இருந்த இன்ஜினியருக்கு ஜூலை ரீடிங்கை அனுப்பியபோது பாராட்டினார். ஜனவரியில் எடுத்த ரீடிங்தான் உண்மையான பரீட்சை, அதை அவர் கேட்கவே இல்லை.

ஈரத்தைத் தேடப் போய் ஊரின் தண்ணீர்க் கணக்கு பிடிபட ஆரம்பித்தது. மேலே கர்துங் கணவாய்ப் பக்கத்துப் பனி உருகி வருவதுதான் வாய்க்கால்களில் ஓடுகிறது. யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதை முடிவு செய்ய சுர்பொன் என்று ஒருவரை வைத்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம். சிக்கல் என்னவென்றால், விதைக்கிற ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வேண்டும். பனிப்பாறை நிதானமாக ஜூனில்தான் உருகத் தொடங்கும். இதற்கு வழி கண்டவர் செவாங் நோர்பெல். அரசின் கிராமப்புற வளர்ச்சித் துறையில் சிவில் இன்ஜினியராக இருந்தவர், 2015-ல் பத்மஸ்ரீ வாங்கினார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரை மலையின் நிழல் பக்கம் திருப்பி, கற்களால் சின்னச் சின்னத் தடுப்புகள் கட்டி, அடுக்கடுக்காக உறைய வைத்தார். ஊருக்குப் பக்கத்திலேயே, தாழ்வான இடத்தில் இருப்பதால் அந்தப் பனி சரியாக விதைப்புக் காலத்தில் உருகுகிறது. லடாக்கின் இன்னொரு இன்ஜினியரான சோனம் வாங்சுக்கின் கூம்பு வடிவ ஐஸ் ஸ்தூபிக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் பம்ப்பும் இல்லாமல் கரண்ட்டும் இல்லாமல், கல்லையும் சரிவையும் மட்டும் வைத்துக்கொண்டு செய்த வேலை என்பதால், இன்ஜினியர் என்ற முறையில் என் ஓட்டு நோர்பெலுக்குத்தான்.

லேயை ஒதுக்குப்புறமான ஊர் என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. மெயின் பஜாரில் நடந்து பாருங்கள். மேலே குன்றில் 17-ஆம் நூற்றாண்டில் லடாக்கை ஆண்ட செங்கே நம்கியால் காலத்து ஒன்பது மாடி அரண்மனை. கீழே அதே நூற்றாண்டின் ஜாமியா மசூதி. கொஞ்சம் தள்ளி பௌத்த மடம், குருத்வாரா, ஜெர்மன் மிஷனரிகள் வந்து போட்ட மொரேவியன் தேவாலயம். இன்று சீனாவின் சின்ஜியாங்கில் இருக்கும் யார்கண்டிலிருந்தும் காஷ்கரிலிருந்தும் காரகோரம் கணவாய் வழியாக வந்த வியாபாரிகளும், காஷ்மீர், பஞ்சாப், லாசா பக்கத்து வியாபாரிகளும் சரக்கு மாற்றிக்கொண்ட இடம் இது. யார்கண்டி, காஷ்மீரி வியாபாரிகள் இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட வம்சத்தார் ஆர்கோன் என்ற பெயரில் இன்றும் பஜாரில் இருக்கிறார்கள். 1949-ல் சின்ஜியாங் பக்கம் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்து அந்த வழி அடைபட்டது. திபெத் வழியும் அப்புறம் அடைபட்டது. நாற்சந்தியாக இருந்த ஊர் முட்டுச்சந்து ஆனது அப்போதுதான். அதாவது இந்த ஒதுக்குப்புறம் எழுபது, எண்பது வருஷத்துச் சமாச்சாரம். தெற்கிலிருந்து வரும் நம்மைப் போன்றவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தோம், அதனால் அது ஆதியிலிருந்தே இப்படி என்று நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது ஊரின் கணக்கு எல்லாம் பாதை திறக்கும் தேதியையும் மூடும் தேதியையும் வைத்துத்தான். ஸ்ரீநகர் ரோட்டில் ஜோஜி லா கணவாய், மணாலி ரோட்டில் அடுத்தடுத்துக் கணவாய்கள். பனி விழுந்தால் லாரி வராது. விமானம் மட்டும்தான், அதுவும் காற்று எழும்பும் முன் பெரும்பாலும் காலையில். முன்பெல்லாம் அரை வருஷம் மூடிக் கிடக்குமாம். எல்லைச் சாலை அமைப்பின் ஆட்கள் பனியை வெட்டி வெட்டி இப்போது அந்தக் காலத்தை நிறையக் குறைத்துவிட்டார்கள். இருந்தாலும் செப்டம்பர் வந்தால் ஊருக்குள் ஒரு பரபரப்பு தெரியும். நாங்கள் டீசல் பேரல் அடுக்குவோம். நான் வாடகைக்கு இருந்த வீட்டு ஆமாலே (அந்த வீட்டு அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) முற்றத்தில் குழி வெட்டி உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கியைப் புதைப்பார். கூரை விளிம்பில் வைக்கோலும் விறகும் சாணி வறட்டியும் ஏறும். ஆப்ரிகாட்டும் கீரையும் வெயிலில் காயும். அந்த அம்மா எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நான் எக்செலில் போட்ட டீசல் கணக்கு மார்ச்சில் இடித்தது; அவருடைய குழியில் ஏப்ரலிலும் கேரட் இருந்தது.

டீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண டீசல் இந்தக் குளிரில் மெழுகாகிவிடும். லாரி டேங்க்குக்கு அடியில் நெருப்பு மூட்டி வண்டி கிளப்பிய காலத்தை ஆச்சோ சிரித்துக்கொண்டே சொல்வார். இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை இளகி நிற்கும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்த பிறகு அந்தத் தலைவலி குறைந்தது. பேட்டரி இன்னொரு தலைவலி. லெட் ஆசிட் பேட்டரி குளிரில் தன் சக்தியில் பெரும்பகுதியைக் கொடுக்காது. சார்ஜ் நிறைந்திருந்தால் உறையாது என்பது ஒரு ஆறுதல். ஆனால் சார்ஜ் இறங்க இறங்க உள்ளே ஆசிட் தண்ணீராகிறது, தண்ணீர் உறைந்து விரிகிறது, பெட்டி விரிசல் விடுகிறது. சோலார் பேனலுக்கோ இந்த ஊர் ரொம்பப் பிடிக்கும். குளிரும் வேண்டும், வெயிலும் வேண்டும். இரண்டும் இங்கே ஏராளம்.

2019 பிப்ரவரியில் ஸ்ரீநகரிலிருந்து த்ராஸ், கார்கில் வழியாக 220 கேவி லைன் லேக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் சிந்துவில் நிமூ-பாஸ்கோவில் இருக்கும் 45 மெகாவாட் நீர்மின் நிலையமும் டீசல் ஜெனரேட்டர்களும்தான் கதி. குளிரில் ஆறு சுருங்கும். கரண்ட் அதிகம் தேவைப்படும் மாதத்தில் உற்பத்தி குறையும். நான் போனபோது நகரத்துக்குள் நிலைமை பரவாயில்லை. கிழக்கே சாங்தாங் மேட்டுநிலத்துப் பக்கத்து சைட்டுகள் மட்டும் சோலாரையும் டீசலையும் நம்பிக் கிடந்தன.

2010-ஐப் பற்றி டெலிகாம் ஆட்கள் இன்னும் பேசுவார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி மேகம் வெடித்து, மழையே பார்த்துப் பழகாத மலைகள் சேறாக இறங்கின. 200-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பஸ் ஸ்டாண்ட், மருத்துவமனை, பிஎஸ்என்எல் எக்ஸ்சேஞ்ச் மூன்றிலும் சேறு புகுந்தது. எந்த நேரத்தில் போன் வேண்டுமோ அந்த நேரத்தில் போன் இல்லை. வெயிலில் காய்ந்த மண் செங்கல்லும் தட்டையான மண் கூரையும் இந்த ஊருக்கு ஏற்ற கட்டுமானம்தான், மழை இல்லாதவரை. அதற்குப் பிறகு வந்த எங்களைப் போன்றவர்கள் டவர் கருவிகள் இருக்கும் ஷெல்டரை ஓடை வழியிலிருந்து தள்ளி வைக்கக் கற்றுக்கொண்டோம். ஹோட்டல்காரர்கள் அப்படிக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஹோட்டல் என்றதும் மறுபடி தண்ணீர்தான் வருகிறது. 1974-ல்தான் லடாக்கைச் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள். இப்போது வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். பழைய லடாக்கி வீட்டுக் கழிப்பறையில் தண்ணீருக்கே வேலை இல்லை: மாடியில் ஓர் அறை, தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண் குவியலும் ஒரு மண்வெட்டியும். போனதும் மண்ணைத் தள்ளிவிட வேண்டும். கீழறையில் அது மக்கி, வசந்தத்தில் வயலுக்கு எருவாகப் போகும். குளிரில் குழாய் உறையும் கவலையும் இல்லை. சென்னைக்காரனுக்கு முதல் வாரம் சங்கடமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஹோட்டல்களிலோ ஃபிளஷும் ஷவரும் இல்லாமல் முடியாது. அதற்காகக் கீழே சிந்து பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து கட்டம் கட்டமாகப் பம்ப் செய்து தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். போதாததற்கு ஆளாளுக்கு போர்வெல் போடுகிறார்கள். கழிவுநீர்க் குழியிலிருந்து கசிந்து ஊற்றுகள் கெட்டுப்போனதைப் பற்றி ஊரில் நிறையப் புலம்பல் கேட்டேன்.

ஜோஜி லாவுக்கு அடியில் 13 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்தால் குளிர்காலத்திலும் லாரி வரும், வெங்காயம் விலை குறையும் என்று ஆமாலேக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான், டீசல் பேரல் அடுக்கும் வேலை மிச்சம். ஆச்சோ மட்டும் பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "டிசம்பர்லயும் டூரிஸ்ட் வந்தா, அந்த மாசம் பைப்பெல்லாம் உறைஞ்சு கிடக்குமே சார்ஜி, குளிக்கத் தண்ணி யார் கொடுக்கப் போறாங்க?" என்று கேட்டார். டேங்கர்தான் என்றேன். அந்த டேங்கர் எங்கே போய் நிரப்பிக்கொண்டு வரும் என்று அடுத்த கேள்வி கேட்டார். அது எங்கள் டிபார்ட்மென்ட் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.