கொருக்குப்பேட்டை கேசட்டில் காணாமல் போன எட்டுப் பாட்டு

கணினியில் பாட்டு பிளேயரின் தேடும் பெட்டியில் 'கொருக்குப்பேட்டை' என்று தட்டினால் 11 பாட்டுதான் வந்தது. ஃபோல்டரைத் திறந்து எண்ணினால் 19 இருக்கிறது. பெயர்களில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனா, "விடியக்கால பாட்டு ஒண்ணு இருந்துச்சே, அது எங்கடா? அதுக்குத்தான் குந்திகினு கீறேன்" என்றார். அன்றைக்கு அவருக்கு அதைப் போட்டுக்காட்ட முடியவில்லை.

நைனா தண்டையார்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேல் மைக்செட் வாடகைக்கு விட்டவர். சாவு வீட்டில் இரவெல்லாம் கானா நடக்கும்போது, மிக்சரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து கேசட்டில் பதிந்துகொள்வார். அப்படிச் சேர்ந்தது 140 கேசட். எந்தக் கம்பெனியும் வெளியிட்ட பாட்டு இல்லை. பாடியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. அட்டையில் நைனா பச்சை மையில் எழுதிய ஊர், தேதி, பாடியவர் பெயர், இவ்வளவுதான் அடையாளம். அதனால் லைப்ரரியில் ஒரு பெயர் குழம்பினால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஒருமுறை குழம்பியும் போனது. முதலில் வைத்திருந்த பிளேயரில், பாட்டை இணையத்தில் ஒப்பிட்டுப் பெயரைத் தானே நிரப்பும் வசதி இருந்தது. நிறுவியதுமே அது ஓடத் தொடங்கி, மூலகொத்தளத்தில் பதிந்த ஒரு பக்கத்துக்கு ஏதோ வெளிநாட்டு ஆல்பத்தின் பெயரையும் படத்தையும் ஒட்டிவிட்டது. சினிமாப் பாட்டுக்கு அந்த வசதி நல்லதுதான். வீட்டில் பதிந்ததற்கு எந்தத் தரவுத்தளத்திலும் பதிவு இருக்காது. இருப்பதில் நெருக்கமானதைப் பிடித்து ஒட்டும். அன்றே அதை அணைத்துவிட்டு ஃபூபார்2000-க்கு மாறினேன். டேக், அதாவது பாட்டுக் கோப்புக்குள்ளேயே இருக்கும் பெயர்க்குறிப்பு, அதைத் திருத்துவது எம்பி3டேக்கில். எதைத் தொடுவதானாலும் முதலில் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுகிறேன்.

சரி, அந்த எட்டுப் பாட்டு. கிடைத்த ஒரு பெயரையும் கிடைக்காத ஒரு பெயரையும் நோட்பேடில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அப்புறம் 'கொ'வுக்கு அடுத்து கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தடவை அழுத்தினேன். முதல் வரியில் கொம்பும் காலும் சேர்ந்து போய் 'க' நின்றது. இரண்டாவது வரியில் கால் மட்டும் போய் 'கெ' நின்றது!

கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் முறை யூனிகோடு. அதில் 'ொ' என்பதற்குத் தனியாக ஒரு குறியீடு உண்டு. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே 'ொ'தான் தெரியும். 'ோ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதை. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு சொல்கிறது. ஆனால் தேடும் நிரல் குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிட்டால் அதற்கு இவை வேறு வேறு சொல். அந்த எட்டுப் பாட்டுக்கும் பெயர் தட்டியது என் தம்பி, அவனுடைய லேப்டாப்பில். அங்கே பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. கொடுங்கையூர், மூலகொத்தளம், 'சோகம்' என்று வருகிற தலைப்புகள் எல்லாமே இப்படி இரண்டாகப் பிரிந்து கிடந்தன. நம் பக்கத்து ஊர்ப் பெயர்களில் இத்தனை 'கொ' இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கையால் திருத்த முடியாது. பைத்தானில் சிறிய நிரல் எழுதினேன். மியூட்டஜென் என்ற நூலகம் டேக்கைப் படித்துக் கொடுக்கும், பைத்தானிலேயே இருக்கும் யூனிகோடுடேட்டா அதைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும். அந்த வடிவத்துக்கு என்எஃப்சி என்று பெயர். டேக், கோப்பின் பெயர் இரண்டையும் மாற்ற வேண்டும். முதலில் டேக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பெயரை விட்டதில் பழைய பிளேலிஸ்ட்கள் பாதி வேலை செய்தன, பாதி செய்யவில்லை. இரண்டையும் மாற்றி, பிளேலிஸ்ட்களைப் புதிதாகச் சேமித்த பிறகு 19-ம் வந்தது. விடியக்காலப் பாட்டு பதினாறாவது. நைனா அதை மூன்று முறை கேட்டார்.

அடுத்தது நேரக் கணக்கு. சில கேசட்டுகளை 2003 வாக்கில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்து எம்பி3 ஆக்கியிருந்தோம். 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம், 30 நிமிடம் ஓட வேண்டியது, 2 மணி நேரம் என்று காட்டியது. நடுவில் தட்டினால் எங்கேயோ போய் விழும். இந்தக் கோப்புகளில் பிட்ரேட், அதாவது ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் பிட் அளவு, ஏறி இறங்கும். அப்படிப்பட்டவற்றில் மொத்த நீளத்தைச் சொல்லும் தலைப்பகுதி ஒன்று முன்னால் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சில பிளேயர்கள் முதல் துண்டின் பிட்ரேட்டை வைத்து முழு நீளத்தையும் கணக்குப் போடும். கேசட்டின் தொடக்கத்தில் இருப்பது வெறும் அமைதி. அந்தத் துண்டு 32 கிலோபிட், சராசரியோ 128. நாலு மடங்கு, அரைமணி இரண்டு மணியாகிவிட்டது. ஃபூபாரில் யூட்டிலிட்டிஸ் மெனுவுக்குள் அந்தத் தலைப்பகுதியை (விபிஆர் ஹெடர்) சரிசெய்யும் கட்டளை இருக்கிறது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டதும் தீர்ந்தது. ஒலியில் அது கைவைப்பதில்லை.

அம்மாவின் சினிமாப் பாட்டுகளில் ஒரே படம் ஆறு ஆல்பமாகச் சிதறியிருந்தது. பாடகர் மாற மாற ஆல்பமும் பிரிகிறது. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயரை, எல்லாப் பாட்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டலில், போட்டால் ஒன்றாகிவிடும். டிஸ்க்கைப் பிடுங்கி மாட்டினால் மொத்த லைப்ரரியும் காணோம் என்று சொல்வதற்கும் மருந்து சின்னதுதான். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதற்கு நிலையான டிரைவ் எழுத்து ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பாட்டின் நடுவே 'பட் பட்' என்று கேட்டதற்கு பஃபரை (பிளேயர் முன்கூட்டியே படித்து வைக்கும் அளவை) ஏற்றிப் பார்த்துப் பயனில்லை. யூஎஸ்பி முனையில் பச்சை பூத்திருந்தது. காசிமேட்டுக் கடற்காற்று வீட்டில் எதையும் விடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததும் நின்றது.

மனதை அதிகம் உறுத்தியது தாளம் அறுந்ததுதான். ஒரு பக்கம் முழுக்க நிற்காமல் போகும் கானாவை ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் நிரலில் பாட்டுப் பாட்டாக வெட்டி எம்பி3 ஆக்கினேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது எடுக்கும் இடத்தில் டோலக் ஒரு கணம் தடுக்கி விழுந்தது. எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியின் மிகச் சிறு அளவீடுகள்) கொண்ட துண்டுகளாகத்தான் சேமிக்கும். 44,100 ஹெர்ட்ஸில் ஒரு துண்டு சுமார் 26 மில்லிநொடி. முன்னாலும் பின்னாலும் வெற்றிடம் சேர்த்துத்தான் நிரப்பும். எவ்வளவு சேர்த்தது என்று, எம்பி3 ஆக்கித் தரும் லேம் என்கோடர் குறித்து வைக்கிறது, அதைப் படிக்கும் பிளேயரில் இடைவெளி தெரியாது. ஆனால் நைனாவின் ஸ்பீக்கரில் பென்டிரைவ் செருகித்தான் கேட்பார், அது படிக்காது. ஆகவே அவருக்கு முழுப் பக்கத்தையும் வெட்டாமல் ஒரே கோப்பாகக் கொடுக்கிறேன். சேமித்து வைப்பதற்கு, ஒலியில் எதையும் இழக்காத ஃபிளாக் வடிவம். அதில் வெட்டினாலும் மாதிரிக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெட்டிய 31 கேசட்டையும் மறுபடி ஓடவிட்டுப் பதிந்தேன். தாளம் அறுந்த கானாவை அந்த ராத்திரி வாசித்தவர்கள் பெயரில் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை 96 கேசட் முடிந்திருக்கிறது. ஒவ்வொரு அட்டையையும் ஸ்கேன் செய்து படமாகச் சேர்க்கிறேன். பச்சை மை மங்கிய இடங்களை ஞாயிற்றுக்கிழமை நைனா படித்துச் சொல்வார், நான் கமென்ட் பகுதியில் தட்டுவேன். 97-வது கொடுங்கையூர் கேசட். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சு உதிர்ந்து கிடக்கிறது. காலி கேசட் ஒன்றிலிருந்து பஞ்சை எடுத்து ஒட்டியிருக்கிறேன், பசை காய இன்று ஒரு ராத்திரி ஆகும்.