உல்ம் நகரில் ஐந்து மாதம்: ஒரு இன்டர்ன்ஷிப், நிறைய மெதுவண்டி

அறுபத்து மூன்று விண்ணப்பம் போட்டேன். பாதிக்குப் பதிலே வரவில்லை. வந்த பதில்களில் எல்லாம் 'லைடர்' என்ற ஜெர்மன் சொல் இருந்தது. 'வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்' என்பதை ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் மெயிலைத் திறந்ததும் நான் வேறு எதையும் படிப்பதில்லை. கண் நேராக 'லைடர்' எங்கே என்றுதான் தேடும்.

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் மெக்கானிக்கல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் கட்டாயம். அது எனக்குத் தெரியும், ஆனால் விண்ணப்பம் வாங்குகிறவருக்குத் தெரியாதே! எனக்கு இரண்டு வருடம் சீனியரான அக்கா ஒருவர் என் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஃப்ளிக்ட் பிராக்டிகும்னு எங்கே எழுதியிருக்கே?" கட்டாய இன்டர்ன்ஷிப் என்பதற்கான ஜெர்மன் சொல் அது. எங்கேயும் எழுதவில்லை.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் மாணவர்கள் செய்யும் இன்டர்ன்ஷிப் இரண்டு வகை. பாடத்திட்டம் கட்டாயமாக்கியது ஒன்று, நாமாக விரும்பிச் செய்வது இன்னொன்று. விரும்பிச் செய்வது மூன்று மாதத்தைத் தாண்டினால் நிறுவனம் குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தாக வேண்டும். நான் போன 2024-இல் அது மணிக்கு 12.41 யூரோ. கட்டாய வகைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் ஐந்து மாதம் கேட்டு வரும் விண்ணப்பத்தில் 'கட்டாயம்' என்ற சொல் இல்லையென்றால் பலர் மேலே படிப்பதே இல்லை. நியாயமா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அன்றிரவே மெயிலின் தலைப்பு வரியில் அந்தச் சொல்லைச் சேர்த்தேன். மூன்று வாரத்தில் இரண்டு நேர்காணல். இரண்டாவதில், உல்ம் நகரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தில், வேலை கிடைத்தது.

ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடப் போனேன். அக்கா விடவில்லை. வரி வரியாகப் படித்தால், அவர்கள் விருப்ப இன்டர்ன்ஷிப்புக்கான படிவத்தை அப்படியே அனுப்பியிருந்தார்கள். யாரோ பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அப்படியே போட்டிருந்தால்? எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள்தான் வேலை செய்யலாம். 2024 மார்ச் 1 வரை 120-தான். என் அனுமதித் தாளில் பழைய எண்ணே அச்சாகியிருந்தது. கட்டாய இன்டர்ன்ஷிப் இந்தக் கணக்கில் வராது, விருப்ப வகை வரும். ஐந்து மாதம் என்றால் நூற்றுச் சொச்சம் நாள் அதிலேயே போய்விடும். அப்புறம் திரும்பி வந்து வெளியே பகுதிநேர வேலை பார்ப்பது எப்படி? துறையிலிருந்து 'இது கட்டாயம்தான்' என்று முத்திரையிட்ட கடிதம் வாங்கி, ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பி, சரியான தாள் வரப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் வேலை கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு தேடிய கதை தனி. முதலில் பேசியவர் மிக அன்பானவர். நடு ஊரில் பெரிய அறை, மாதம் 300 யூரோ, தான் வெளிநாட்டில் இருப்பதால் முன்பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொன்னார். இவ்வளவு நல்லவரா என்று யோசித்தபோதே விழித்திருக்க வேண்டும். பணம் போட வங்கிச் செயலியைத் திறந்தபின் அறைப் படத்தை இன்னொரு முறை பார்த்தேன். சுவரில் இருந்த ஸ்விட்ச் பாக்ஸ் ஜெர்மனியில் நான் எங்கேயும் பார்க்காத வடிவம். தப்பித்தேன். கடைசியில் ஒரு செமஸ்டருக்கு வெளியூர் போகும் மாணவி ஒருத்தியின் அறை, வீடியோ காலில் நேரே பார்த்து, 380 யூரோவுக்குக் கிடைத்தது.

குடிவந்து இரண்டு வாரத்துக்குள் முகவரி பதிய வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிந்ததால் பயந்துபோய் நகராட்சி அலுவலகத்தில் காலையிலேயே நின்றேன். ஜெர்மனியில் ஏற்கெனவே ஓர் இடத்தில் பதிவு இருந்து, புது ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப்போவதில்லை என்றால் பதியவே வேண்டாமாம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து அரை நிமிடத்தில் வெளியே வந்தேன்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் அப்பா பெயர் இருக்கிறது. எனவே நிறுவனத்திலிருந்து வந்த எல்லாக் கடிதத்திலும் 'ஃப்ராவ்' என்று போட்டு அப்பா பெயரை எழுதியிருந்தார்கள். 'திருமதி' மாதிரி. வீட்டுக்கு ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியதில் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க இரண்டு நாள் ஆனது.

ஏப்ரல் 15, திங்கட்கிழமை, வேலை தொடங்கியது. அதிர்வுச் சோதனை மேடையில் உதிரிபாகங்களைக் குலுக்கி, எந்த அதிர்வெண்ணில் எது தளர்கிறது என்று பார்க்கும் பிரிவு. முதல் மூன்று வாரம் எக்செல் சுத்தம் செய்ததுதான் வேலை, மறைப்பானேன். நான்காவது வாரம் நானே சென்சார் ஒட்டினேன். விரல் நகம் அளவு கட்டை. அதில் எக்ஸ், ஒய் அச்சு பொடி எழுத்தில் இருக்கும். அதை மெழுகு வைத்து ஒட்டி, தொண்ணூறு டிகிரி திருப்பி ஒட்டியிருக்கிறேன் என்பது இரண்டு நாள் அளவீடு முடிந்தபின்தான் தெரிந்தது. மேலாளர் கோபப்படவில்லை. சிவப்பு டேப் ஒன்றைக் கொடுத்து, இனி மேடையிலேயே அம்புக்குறி ஒட்டிவிட்டு அப்புறம் சென்சாரைத் தொடு என்றார். நான் கிளம்பும்போதும் அந்தச் சிவப்பு அம்பு அங்கேயே இருந்தது.

மொழியில் நான் பெரிதாகத் தேறவில்லை. வகுப்பில் படித்த ஜெர்மனும் அங்கே பேசும் ஸ்வேபிய வட்டார வழக்கும் வேறு. மதியம் நடைபாதையில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் 'மால்ட்சைட்' என்பார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள் என நினைத்து முதல் வாரம் முழுக்க, 'இன்னும் இல்லை' என்று விளக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வெறும் வணக்கம். திருப்பி 'மால்ட்சைட்' என்றால் போதும். இன்னொரு நாள் அறைக்குத் திரும்பினால் கதவுப் பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கியது: 'கேர்வோக்'. யாரோ விளம்பரம் மாட்டியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை கீழ்வீட்டுப் பாட்டி வந்து, இந்த வாரம் மாடிப்படி கூட்டும் முறை உன்னுடையது என்று துடைப்பத்தோடு விளக்கிவிட்டுப் போனார்.

கட்டாய இன்டர்ன்ஷிப்புக்குச் சட்டப்படி விடுப்பு கிடையாது. ஆகவே ஊர் சுற்றல் எல்லாம் சனி, ஞாயிறும் அரசு விடுமுறையும்தான். கையில் இருந்தது செமஸ்டர் கட்டணத்தோடு சேர்ந்து வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட். அப்போது மாணவர்களுக்கு மாதம் 29.40 யூரோ, மற்றவர்களுக்கு 49. அதிவேக ரயிலில் ஏற முடியாது. நின்று நின்று போகும் வட்டார ரயில், டிராம், பஸ் எல்லாம் நாடு முழுக்கச் செல்லும். இந்தத் தடைதான் எனக்கு நல்லதாகப் போனது. வேகமாகப் போக முடிந்திருந்தால் நான் பெர்லினுக்கும் ஹாம்பர்கிற்கும் ஓடியிருப்பேன். பிளௌபாய்ரனில் இறங்கியிருக்கவே மாட்டேன்.

உல்மிலிருந்து கால் மணி நேரம்கூட ஆகாது. அங்கே பிளௌடாப்ஃப் என்று ஒரு ஊற்று. சுமார் 22 மீட்டர் ஆழம், நீலச் சாயம் கரைத்ததுபோல இருக்கும் என்று படத்தில் பார்த்துப் போனேன். போன நேரம் அப்படி. ஜூன் தொடக்கத்தில் தெற்கு ஜெர்மனி முழுக்கப் பெருமழை, வெள்ளம். டான்யூப் ஆறு கரையேறியது, பல ரயில்கள் நின்றன. தண்ணீர் வடிந்ததும் கிளம்பிவிட்டேன். ஊற்று காபி நிறத்தில் இருந்தது! நிலத்துக்கடியில் குகை குகையாக ஓடிவரும் தண்ணீர் அது. மேலே மழை பெய்தால் மண்ணையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். ஆகஸ்டில் மறுபடி போனேன். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அந்த நீலம் என்று தெரிந்தே பார்த்தேன், இருந்தும் நம்ப முடியவில்லை. விளிம்பில் வெளிர் பச்சை, நடுவில் போகப்போகப் பேனா மை.

அதே ஊர் அருங்காட்சியகத்தில் இருட்டறை ஒன்றில் ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெண் உருவம் இருக்கிறது. மாமூத் யானைத் தந்தத்தில் செதுக்கியது, ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழையது. பக்கத்து ஹோலெ ஃபெல்ஸ் குகையில் 2008-இல் கிடைத்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளையம். கயிறு கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார்கள் போல. முன்னால் நின்றிருந்த நான்கு பேரும் குரலைத் தாழ்த்தியே பேசினோம்.

புகழ்பெற்ற இடங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு முன்பதிவு இல்லாமல் போய், உள்ளே விடாமல், மரியன் பாலத்தில் முண்டியடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். லிண்டாவ் அழகு. துறைமுக வாயிலில் ஒரு பக்கம் கல் சிங்கம், மறுபக்கம் கலங்கரை விளக்கம், எதிரே ஆல்ப்ஸ். ஸ்டுட்கார்ட் போனது ஜூன் 23, அன்று யூரோ கோப்பையில் ஸ்காட்லாந்து ஹங்கேரியோடு ஆடியது. ரயில் பெட்டி முழுக்கப் பாவாடை கட்டிய ஆண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். ஊரில் என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.

என்னைக் கேட்டால் ஐந்து மாதத்தில் ஆகச் சிறந்த நாள் ஊரைவிட்டு நகராமல் கிடைத்தது. ஜூலை 22, உல்மின் ஷ்வோர்மோன்டாக், சத்தியத் திங்கள். மேயர் மாடத்தில் நின்று, பணக்காரர் ஏழை எல்லாருக்கும் பொதுவானவராக இருப்பேன் என்று உறுதி எடுப்பார். 1397-ஆம் ஆண்டு சாசனத்தில் உள்ள வாசகம். எங்கள் நிறுவனத்தில் அரைநாள் விட்டார்கள். மாலையில் ஊரே டான்யூபில் இறங்கியது. ரப்பர் படகு, காற்றுமெத்தை, பீப்பாய் கட்டிய தெப்பம், அதில் பேண்டு வாத்தியம். கரையில் நிற்பவர்கள் மேல் வாளி வாளியாகத் தண்ணீர். தள்ளிதான் நின்றிருந்தேன். வாளியோடு கை ஓங்கியவர் யார் என்று பார்த்தால், அதிர்வுப் பிரிவு மேலாளர்.

161 மீட்டர் உயர மின்ஸ்டர் தேவாலயம், அன்றைக்கு உலகிலேயே உயரமானது, தினமும் பஸ் ஏறும் இடத்திலிருந்து தெரியும். 768 படி. அடுத்த வாரம் ஏறலாம், அடுத்த வாரம் ஏறலாம் என்று ஏறவே இல்லை.

செப்டம்பரில் முடிக்கும்போது சான்றிதழின் வரைவை அனுப்பினார்கள். 'எங்கள் முழுத் திருப்திக்கு' வேலை செய்தார் என்று இருந்தது. எனக்குப் பெருமை. பக்கத்து மேசை ஜெர்மன் பையன் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அங்கே சான்றிதழில் குறை எழுதமாட்டார்கள். பாராட்டுக்குள்ளேயே மதிப்பெண் ஒளிந்திருக்கும். 'முழுத் திருப்தி' என்றால் சுமார். முன்னால் 'ஷ்டேட்ஸ்', அதாவது 'எப்போதும்', சேர்ந்தால் நன்று. 'எப்போதும் மிக முழுத் திருப்தி' என்றால் மிக நன்று. முழுமைக்கு மேல் என்ன முழுமை என்று கேட்காதீர்கள். தயங்கித் தயங்கி மேலாளரிடம் போனேன். படிவத்தில் இருந்ததை அப்படியே விட்டிருப்பார்கள், நான் பார்க்கிறேன் என்றார்.

இரண்டு வாரம் கழித்துச் சாக்சனி முகவரிக்குத் தடித்த உறையில் வந்தது. 'ஷ்டேட்ஸ்' இருந்தது. மொழிபெயர்த்து வீட்டுக்கு அனுப்பினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஃப்ராவ் இன்னார் இதைச் செய்தார், ஃப்ராவ் இன்னார் அதைச் செய்தார் என்று அப்பா பெயரேதான். அப்பா இரண்டு முறை படித்திருக்கிறார் போல. ராத்திரி போன் செய்து, "நான் எப்பம்மா அங்கே வந்து இவ்வளவு வேலை பார்த்தேன்?" என்றார்.