சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம்

ஜூன் 3, 2025

25-ஆவது வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கடைசி மிடறு தொண்டையிலேயே நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 152. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகால சர்க்கரையாம். எனக்கு எப்படி வந்தது?

ஜூன் 4

நர்ஸ் அக்கா உட்கார வைத்துப் பேசினார். இனிப்பு தின்றதால் வந்ததில்லை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. ஆனால் நடக்கும்போது கால் தசைகள் இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். இதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. இரண்டு வாரம் சாப்பாடு, நடை. குறையவில்லை என்றால் மருந்து. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ் இருக்கணும்.

ஜூன் 5

மொட்டை மாடிக்குக் கிளம்பியதும் அத்தை வழியை மறித்தார். "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு படி ஏறாதேம்மா." அவருக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அந்தப் பயத்தோடு என்ன வாதாடுவது? முற்றத்திலேயே நடந்தேன். துளசி மாடத்திலிருந்து வாசல் வரை 22 அடி. திரும்பினால் இன்னொரு 22.

ஜூன் 9

நேற்று நாலு இட்லி, சாம்பார். சாப்பிட்டதும் படுத்துவிட்டேன்: 136. இன்று அதே நாலு இட்லி, அதே சாம்பார், அப்புறம் பதினைந்து நிமிட நடை: 113. மீட்டரை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

ஜூன் 12

அத்தையும் கூட நடக்கிறார், கையில் தண்ணீர்ச் செம்போடு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று நர்ஸ் அக்கா சொல்லியிருந்தார். அத்தை பேசுகிற பேச்சுக்கு வேகம் கூட வழியே இல்லை. ரத்தம் பட்டாலோ, வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரணும் என்பதையும் அவரிடம் சொல்லி வைத்தேன். இராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறமும் நடந்தோம்.

ஜூன் 18

வெறும் வயிற்றில் 88, மதியம் 116. இப்போதைக்கு மருந்து வேண்டாம், நடையை மட்டும் விடாதே என்றார் டாக்டர். பிரசவமாகி ஆறாவது வாரம் மறுபடியும் அதே 75 கிராம் சோதனை. காலண்டரில் அக்டோபர் கடைசியில் அத்தையே வட்டம் போட்டு வைத்தார்.